ஊர்க் குறிப்பேடு: நேற்றைய முடிவுகளைப் படித்து நாளைய தீர்மானம் எழுதும் முறை

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மறுபடி போடவில்லை. ஊரும் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. ஒரே புயல், எதிரெதிரான இரண்டு முடிவுகள். இரண்டுக்கும் காரணம் உண்டு. பாலம் இல்லாமல் இராமேசுவரம் தீவே இல்லை. தனுஷ்கோடியோ இரு பக்கமும் கடல் கிடக்கும் மணல் திட்டு. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியதால்தான் அங்கே ரயிலும் சுங்கமும் தபாலும் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பழைய பாலத்தில் காற்று வேகம் அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வரலாற்றிலிருந்து கற்பது என்றால் இதுதான்: ஓர் எண், அந்த எண்ணை அளக்க ஒரு கருவி, அதன்படி நடக்க ஒரு விதி. மூன்றும் இல்லாத பழங்கதையால் அடுத்த தலைமுறைக்குப் பயன் குறைவு.

இந்தக் கையேடு மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வட்டாரத்துக் கடற்கரை ஊர்களுக்காக எழுதப்பட்டது. ஓர் ஊரில் நாலைந்து பேர், மூன்று மாதம், நூற்றுக்கணக்கில் மட்டுமே செலவு. கடைசியில் கையில் இருக்க வேண்டியது கிராம சபையில் வைக்கத்தக்க ஒரு தீர்மானம்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

‘எங்கள் ஊர் வரலாறு’ என்று தொடங்கிய நோட்டுகள் பெரும்பாலும் கோயில் திருவிழாவோடும் பள்ளிவாசல் கட்டிய ஆண்டோடும் நின்றுவிடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் எதிர்காலத்தை முடிவு செய்ய உதவும் நோட்டு ஒரு கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும். நம் கரையில் நான்கு கேள்விகள் எப்போதும் உயிரோடு இருப்பவை: குடிதண்ணீர் ஏன் உப்பானது? தண்ணீர் எங்கே ஏறி வந்தது, வீடு எங்கே கட்டலாம்? பொதுநிலம் எப்படிச் சுருங்கியது? கடலில் பாடு, அதாவது வலையில் விழும் மீன், ஏன் குறைந்தது? இவற்றில் ஒன்றை எடுங்கள். நான்கையும் ஒன்றாக எடுத்தால் மூன்று மாதம் கழித்து நான்கு அரைகுறைக் கட்டுகள்தான் மிஞ்சும்.

குழுவில் நாட்டுப்படகில் போன வயதான ஒருவர், தண்ணீர் எடுக்கும் வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்த ஒரு பெண், வருவாய்ப் பதிவேடு படிக்கத் தெரிந்த ஒருவர், கைப்பேசியில் படமும் வரைபடமும் கையாளும் இளைஞர் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆண்கள் மட்டும் இருக்கும் குழு தண்ணீர்க் கேள்வியில் பாதியைத் தவறவிடும். எந்தக் கிணறு எந்த மாதம் கைவிட்டது, எந்த ஊற்று எத்தனை குடத்துக்குப் பின் கலங்கும் என்பதெல்லாம் பெண்களிடம் இருக்கும் கணக்கு.

நீள நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஆறு பத்தி போடுங்கள்: ஆண்டு, நடந்தது, எடுத்த முடிவு, யாருக்கு வரவு யாருக்குச் செலவு, ஆதாரம், உறுதி. கடைசிப் பத்தியில் மூன்றே குறிகள். ஆவணம் கையில் இருந்தால் ‘அ’. ஒருவரை ஒருவர் கலக்காத இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் ‘ஆ’. ஒருவர் மட்டும் சொன்னால் ‘இ’. இந்தக் குறியைப் போட மறந்தால் ஆறு மாதத்தில் கேள்விப்பட்டதும் கண்டதும் ஒன்றாகிவிடும். பிறகு அதிகாரி ஒரு கேள்வி கேட்டால் நோட்டு முழுக்கச் சந்தேகத்துக்கு ஆளாகும்.

வாய்மொழியை ஆண்டாக மாற்றுவது

பெரியவர்கள் ஆங்கில ஆண்டு சொல்ல மாட்டார்கள். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அது பெரிய உதவி. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை பெயர் திரும்பும் என்பதால் ஐயம் வருவதும் குறைவு: குரோதி என்றால் 1964–65 அல்லது 2024–25. தனுஷ்கோடிப் புயல் குரோதி மார்கழியில் வந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது.

வருவாய்க் கணக்குகளில் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அது ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். பசலி 1374 என்றால் 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை. புயல் நடந்தது டிசம்பரில். ஆகவே புயலுக்குப் பிந்தைய அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று ஆண்டுதோறும் எழுதும் கிராமக் கணக்கு) வேண்டுமென்றால் 1375-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

வருஷப் பெயரும் தெரியாதவரிடம் ஊன்று நிகழ்ச்சிகளை வையுங்கள்: இந்திரா காந்தி இறந்தது (1984), பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது (1985), பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது (1988), சுனாமி (2004), கஜா (2018). ‘அதற்கு முன்னாலா, பின்னாலா?’ என்று கேட்டால் பதில் வரும். ‘64-லா நடந்தது?’ என்று கேட்கக் கூடாது. மரியாதைக்காகவே ‘ஆமாம்’ என்பார்கள். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டாலும் இதே சிக்கல்: குரல் பெரிதாக இருப்பவரின் நினைவு ஊரின் நினைவாகிவிடும். தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

இங்கே அடிக்கடி குழம்புவது இரண்டு புயல்கள். 1964 புயலும், 1978 நவம்பரில் கீழக்கரை அருகே கரை கடந்த புயலும் பல ஊர்களில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். முதலாவது மார்கழி, இரண்டாவது கார்த்திகை. புயலடித்தபோது அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா, கையில் எந்தப் பிள்ளை இருந்தது என்று கேட்டுப் பிரித்துவிடலாம். தண்ணீர் எதுவரை ஏறியது என்ற கேள்விக்கு இந்தப் பிரிப்பு உயிர்நாடி.

காற்றையும் அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள்: வாடை (வடக்கு), கொண்டல் (கிழக்கு), சோழகம் (தெற்கு), கச்சான் (மேற்கு). ‘வாடை திரும்பி அடித்தபோதுதான் தண்ணி உள்ளே வந்துச்சு’ என்று ஒருவர் சொன்னால், புயலின் மையம் எந்தப் பக்கம் போனது என்பதுவரை அந்த வாக்கியத்தில் இருக்கும். ‘பலத்த காற்று’ என்று சுருக்கி எழுதினால் அத்தனையும் போய்விடும்.

ஆவணம்: எதைக் கேட்பது, எப்படிப் படிப்பது

கிராம நிர்வாக அலுவலகத்தில் தொடங்கி வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆவணக் காப்பறை, கடைசியாகச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று மேலே போகலாம். நிலக் கேள்விக்கு மூன்று தாள் போதும்: அ-பதிவேடு (சர்வே எண், பரப்பு, நிலவகை, உடைமையாளர் எழுதிய ஏடு), புல வரைபடம், அடங்கல். இப்போதைய அ-பதிவேடும் புல வரைபடமும் அரசின் இணையவழிச் சேவையிலேயே கிடைக்கும். நமக்கு வேண்டியது அதற்கு முந்தையது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய பதிவேட்டையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஊருணி, வரத்துக்கால், மந்தை, வலை காயப்போடும் பொட்டல் எல்லாம் எப்படி மாறின என்று தெரியும். இன்னும் பின்னால் போனால் சேதுபதி ஜமீன் காலம் வரும். 1948-ம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்ட் என்ற நிலவரித் திட்டப் பணியில்தான் பல ஊர்ப் பொதுநிலங்கள் அரசுப் புறம்போக்காகப் பதிவாயின.

அளவு மாறுவதைக் கவனியுங்கள். பழைய பதிவேட்டில் ஏக்கர், சென்ட். புதியதில் ஹெக்டேர், ஏர். 1 ஏக்கர் என்பது 100 சென்ட். 1 ஹெக்டேர் என்பது 100 ஏர், ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஓர் உதாரணக் கணக்கு: ஊருணி பழைய பதிவேட்டில் 2 ஏக்கர் 40 சென்ட் என்றால் புதியதில் ஏறக்குறைய 0.97 ஹெக்டேர் இருக்க வேண்டும். 0.81 என்று இருந்தால் 40 சென்ட் குறைகிறது. அதைப் பார்த்தவுடன் பக்கத்து வீட்டுக்காரர்மீது பாய வேண்டாம். உட்பிரிவு செய்து வேறு எண்ணுக்குப் போயிருக்கலாம், சாலைக்கு எடுத்திருக்கலாம். பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டைக் கேட்டு வாங்கி, அந்த 40 சென்ட் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகே பேசுங்கள். ஒன்றிரண்டு சென்ட் வித்தியாசம் அளவு மாற்றத்தில் வருவது. அதை ஆக்கிரமிப்பு என்று எழுதினால் உண்மையான ஆக்கிரமிப்பைச் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. ‘எங்கள் ஊர் ஊருணி பற்றிய அனைத்துத் தகவல்களும்’ என்று கேட்டால் ‘தெளிவாக இல்லை’ என்று திரும்பி வரும். ‘ஏன் சுருங்கியது?’ என்று காரணம் கேட்டாலும் பதில் தர மாட்டார்கள். இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும். ஊர், சர்வே எண், ஆவணத்தின் பெயர், பசலி. இந்த நான்கும் இருக்கும்படி ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.

தண்ணீரும் கரையும்: நீங்களே அளக்க வேண்டியவை

பழையதை மட்டும் சேர்த்தால் போதாது. இன்றைய அளவு பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். நம் மணற்பாங்கான கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது இயற்பியல் கணக்கு. அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும்: மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு பல அடி மேலேறும். முன்னோர்கள் ஆழமில்லாத உறைக்கிணறு போட்டதும், மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் மோந்து எடுத்ததும் வசதியில்லாமல் மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். மிதக்கும் நீரைக் கலைக்காமல் எடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்த ஆண்டை நோட்டில் எழுதி, கிணறு உவர்த்த ஆண்டைப் பக்கத்தில் எழுதுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த ஆண்டையும், ஊருணியைத் தூர்வாருவது நின்ற ஆண்டையும் அப்படியே எழுதுங்கள்.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதம் ஒரு நாள், விடியற்காலை யாரும் இறைப்பதற்கு முன்னால், ஐந்து கிணறுகளில் அளந்து எழுதுங்கள். இந்தியத் தர அளவின்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லை என்றால் 2000 வரை. சாயங்காலம் ஒரு மாதம், காலையில் ஒரு மாதம் என்று மாற்றி அளந்தால் கிணறு மாறியதா, அளந்த நேரம் மாறியதா என்று பிரிக்க முடியாது.

கரை அரிப்புக்கும் அப்படித்தான். பள்ளிச் சுவர், சர்ச் படிக்கட்டு, கொடிமரம் என்று நகராத ஒன்றிலிருந்து, ஏற்றநீர் விட்டுப்போன கோடு வரை நாடாவால் அளங்கள். ஒவ்வொரு அமாவாசைக்கு மறுநாளும் போதும். வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். சோழகக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். மணல் போய்ப் போய் வரும். அதனால் ஒரே பருவத்தில் அளந்துவிட்டு ‘கடல் 30 அடி உள்ளே வந்துவிட்டது’ என்று எழுதக் கூடாது. 12 மாத அளவு வேண்டும்.

வெள்ளக் குறியை அடுத்த மழைக்கு முன்பே ஏற்படுத்துங்கள். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்று உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும்; கைப்பேசியில் படமும் இருக்கும். அந்த உயரத்தைப் பஞ்சாயத்து, பள்ளி, ரேஷன் கடைச் சுவர்களில் எனாமல் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். புது வீட்டுக்கு அடித்தளம் போடுகிறவர் அதைப் பார்த்துத்தான் உயரம் வைப்பார்.

முடிவுகளைப் படிக்க ஐந்து கேள்விகள்

நாடு எடுத்த ஒவ்வொரு பெரிய முடிவும் நம் கரையில் எங்கோ வந்து இறங்கியிருக்கிறது. அதைப் படிக்க இந்த வரிசை உதவும்: எந்தச் சிக்கலைத் தீர்க்க எடுத்தார்கள்? யாரைக் கேட்டார்கள்? வரவு யாருக்கு, செலவு யாருக்கு? எச்சரிக்கை இருந்ததா? தவறு என்று தெரிந்தபின் திருத்த வழி வைத்திருந்தார்களா?

மன்னார் வளைகுடாத் தீவுகளில் இதைப் போட்டுப் பாருங்கள். பல பத்தாண்டுகள் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். வரவு காளவாய்க்காரருக்கும் கட்டியவருக்கும். செலவோ, அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறையை இழந்த கரையோர ஊர்களுக்கு. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். சரியான திருத்தம். ஆனால் கேள்வியை அங்கே நிறுத்திவிடாதீர்கள். தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அந்தத் திருத்தத்தின் செலவு வந்து சேர்ந்தது. பவளத்தை வெட்டியவர்கள் அவர்கள் இல்லை. ஒரு தவறைத் திருத்தும் முடிவுக்கும் அதே ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். எங்கள் கணிப்பில் இந்த நோட்டு செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை அதுதான்.

பிழைப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் படர்ந்ததும், வறண்ட நிலத்துக்கு விறகு தரும் என்று பரப்பிய சீமைக் கருவேலம் கண்மாய் உள்வாய்களை நிறைத்ததும் ஐந்தாவது கேள்விக்குப் பாடங்கள். வேலை தரும் புதுத் திட்டம் எது வந்தாலும், ‘பிடிக்கவில்லை என்றால் எப்படி அகற்றுவீர்கள், யார் செலவில்?’ என்று எழுத்தில் கேளுங்கள்.

கச்சத்தீவைப் பற்றிய பேச்சு உங்கள் ஊரிலும் சூடாகத்தான் இருக்கும். நோட்டில் ஏற்ற வேண்டுமானால் இரண்டு தாளையும் தனித்தனியாகப் படியுங்கள். 1974 ஜூன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5-ம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. 1976 மார்ச்சில் இரு நாட்டு அதிகாரிகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடல் எல்லையில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. மேடையில் ஒருவர் முதல் தாளையும் இன்னொருவர் இரண்டாம் தாளையும் பேசுவார்கள். நீங்கள் ஆண்டும் பிரிவு எண்ணும் போட்டு இரண்டையும் எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீளும் தடைக்காலம், விசைப்படகு உங்கள் ஊருக்கு வந்த ஆண்டு எல்லாம் ஏறட்டும். பாடு ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு எல்லைக்கோட்டை மட்டும் பார்த்தால் பதில் முழுமையாகாது. விசைப்படகு இழுக்கும் மடி வலை அரித்த கடலடியையும் பார்க்க வேண்டும்.

தீர்மானமாக எழுதுவது

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும், அண்மை ஆண்டுகளில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. தண்ணீர்க் கேள்விக்கு மார்ச் 22 பொருத்தம்: அடுத்த மழைக்கு ஆறு மாதம் இருக்கும், தூர்வார நேரம் கிடைக்கும். அக்டோபர் 2-ல் வைத்தால் வேலை தொடங்குமுன் வாடை மழை பிடித்துக்கொள்ளும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தீர்மான வரைவைத் தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் எழுத்தாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

‘ஊருணியைப் பாதுகாக்க வேண்டும் என்று இச்சபை கேட்டுக்கொள்கிறது’ என்பது யாரையும் எதற்கும் கட்டாது. இப்படி எழுதுங்கள்: ‘சர்வே எண் இன்னது, ஊருணி, யு.டி.ஆர்-க்கு முந்தைய பதிவேட்டின்படி 2 ஏக்கர் 40 சென்ட். இப்போதைய பதிவேட்டில் 0.81 ஹெக்டேர். வித்தியாசத்தை நில அளவர் மூலம் ஜூன் 30-க்குள் அளந்து எல்லைக்கல் நடவும், கிழக்கு வரத்துக்காலை ஆகஸ்ட் 31-க்குள் தூர்வாரவும், ஊருணியிலிருந்து 200 அடிக்குள் புது ஆழ்துளைக் கிணறுக்கு ஊராட்சி ஒப்புதல் தராதிருக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது. ஆதாரம்: இணைப்பு 1 முதல் 4 வரை.’ தூரம் உங்கள் ஊர் மண்ணுக்கும் கிணறுகளின் அளவுக்கும் ஏற்ப மாறலாம். எண் இல்லாமல் மட்டும் விடாதீர்கள். ஆதாரமாக ‘அ’, ‘ஆ’ குறியிட்ட வரிகளை மட்டும் இணையுங்கள். ‘இ’ வரிகள் நோட்டிலேயே இருக்கட்டும். நாளை இன்னொருவர் அதையே சொன்னால் மேலே ஏறும்.

தீர்மானப் பதிவேட்டில் எழுதியபின் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாய்மொழியாக நிறைவேறிய தேதி, பதிவேட்டில் ‘விரைவில்’ ஆகிவிடும் சங்கடம் நிறைய ஊர்களில் உண்டு. அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அந்தத் தேதிகளையே கேளுங்கள். நடக்காததும் ஒரு நிகழ்ச்சிதான். ‘இன்ன தேதிக்குள் செய்யவில்லை, சொன்ன காரணம் இது’ என்று நோட்டில் ஒரு வரி ஏறட்டும்.

நோட்டைக் காப்பது

உப்புக்காற்று இரும்பு பீரோவையும் ஸ்டேப்ளர் பின்னையும் முதலில் அரிக்கும். அந்தப் பின்னின் துரு தாளைத் தின்னும். பின் போடாமல் நூலால் தையுங்கள். பல பேனாக்களின் மை ஈரத்தில் படர்ந்துவிடும், பென்சில் எழுத்து படராது. ஆகவே அளவுகளைப் பென்சிலில் எழுதுங்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, மழைக்கு முன்னும் பின்னும் நிழலில் ஒரு நாள் பிரித்துக் காயவையுங்கள். பேச்சு ஒலிப்பதிவை அப்படியே வைத்திருங்கள், ஆனால் அதிலுள்ள தகவலை ஒரு வாரத்துக்குள் நோட்டில் எழுதிவிடுங்கள். கைப்பேசி மாறும்போது முதலில் காணாமல் போவது ஒலிப்பதிவுதான். பேசியவர் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்னால் நோட்டில் எண் மட்டும் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே வையுங்கள். மூன்று நகல் வேண்டும்: ஒன்று ஊரில், ஒன்று பள்ளி நூலகத்தில், ஒன்று கடலிலிருந்து குறைந்தது 10 கி.மீ. உள்ளே இருக்கும் உறவினர் வீட்டில்.